குடும்பத்தில் கணையப் புற்றுநோய் இருந்தால்: கோலாலம்பூர், பினாங்குத் தமிழர்களுக்கான கண்காணிப்பு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் கணையப் புற்றுநோயால் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் தம்பி எல்லாரும் தனியார் மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பதைப் பார்க்கிறோம். வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். இரத்தத்தில் சிஏ 19-9 என்ற 'டியூமர் மார்க்கர்', அதாவது புற்றுக்கான குறியீட்டுப் பொருள், பார்ப்பார்கள். எல்லாம் நார்மல் என்று தாள் வரும், மனம் ஆறும். அந்தத் தாள் கணையத்தைப் பற்றி அநேகமாக எதையும் சொல்லவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. ஏறக்குறைய 15 செ.மீ. நீளம். வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்டை இரைப்பையிலும் குடலிலும் இருக்கும் காற்று மறைத்துவிடும். கணையத்தின் வால் பகுதி பல நேரம் கண்ணிலேயே படாது. சிஏ 19-9 ஆரம்ப நிலையில் ஏறாமலே இருக்கலாம். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் ஏறலாம். இரத்த வகையைப் போன்ற ஒரு பிறவிக்கூறு காரணமாக நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அது உற்பத்தியே ஆவதில்லை. ஆகவே 'டியூமர் மார்க்கர்' நார்மல் என்ற ஒரு வரியை நம்பிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

கண்காணிப்பு என்பது வேறு. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்து, சரியான வயதில் தொடங்கி, கணையத்தை உண்மையிலேயே காட்டக்கூடிய எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) என்ற இரண்டு பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொரு முறையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதில் ஒன்று விடுபட்டாலும் மற்றவை வீண்.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய கண்காணிப்புத் திட்டத்தின் முடிவுகள் 2022ல் வந்தன. அந்தச் சுற்றில் கண்காணிப்பின்போது பிடிபட்ட 9 புற்றுகளில் 7 முதல் நிலையில் இருந்தன. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கண்காணிப்பில் பிடிபட்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை ஆயுள், அதாவது நோய் தெரிந்த பின் பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம், 9.8 ஆண்டு. கண்காணிப்புக்கு வெளியே நோய் தெரிந்தவர்களுக்கு அது 1.5 ஆண்டு. எண்ணிக்கை சிறியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆயுள் கணக்கு தானாகவே நீளமாகத் தெரியும் என்ற குறையும் இதில் உண்டு. அப்படியிருந்தும், வேறு எந்த வழியிலும் இந்த நோயை முதல் நிலையில் பிடிப்பது மிக அரிது.

படி 1: குடும்ப மரம்

ஒரு மாலை நேரமும் வீட்டின் மூத்த பெண் ஒருவரின் நினைவாற்றலும் இருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்துவிடும். ஒரு பெரிய தாளில் உங்களை நடுவில் எழுதுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் முதல்நிலை உறவு. தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர், அண்ணன் தங்கைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இரண்டாம் நிலை. அதற்கப்பால் மூன்றாம் நிலை. அப்பா வழியையும் அம்மா வழியையும் தனித்தனியாக வரையுங்கள்.

நம் உறவுச்சொற்கள் இந்த இடத்தில்தான் காலை வாரும். பெரியப்பா மகனும் அண்ணன்தான், கூடப் பிறந்தவனும் அண்ணன்தான். மருத்துவரிடம் 'என் அண்ணனுக்குக் கேன்சர்' என்று சொன்னால் அவர் முதல்நிலை உறவு என்று குறித்துக்கொள்வார். உங்கள் ஆபத்துக் கணக்கே மாறிப்போகும். சித்தி என்றால் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? முன்னவர் உங்கள் இரத்தம், பின்னவர் இல்லை. மாமா என்றால் தாய்மாமனா, அத்தையின் கணவரா? பக்கத்து வீட்டு மாமாவும் பட்டியலில் நுழைந்துவிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'யாருக்குப் பிறந்தவர்' என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழியிலும் வருவார். அக்காள் மகளைக் கட்டியவர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒருவரே அத்தையும் பாட்டியும் ஆவார். அப்படியே வரைந்து காட்டுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, மரபியல் ஆலோசகர் கேட்டே தீரவேண்டிய விவரம் இது.

ஒவ்வொருவருக்கும் நான்கு விவரங்கள்: எந்த உறுப்பில் புற்று, எத்தனை வயதில் தெரிந்தது, திசுப் பரிசோதனை நடந்ததா, இப்போது இருக்கிறாரா. கணையத்தோடு நிறுத்தாமல் மார்பகம், சூலகம், புரோஸ்டேட், பெருங்குடல், கருப்பை, மெலனோமா என்னும் தோல் புற்று ஆகியவற்றையும் எழுதுங்கள். கணையத்தில் புற்றை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் இந்த உறுப்புகளையும் தொடுபவை. நாற்பது வயதில் மார்பகப் புற்று வந்த அத்தையும் அறுபதில் கணையப் புற்று வந்த அப்பாவும் ஒரே கதையின் இரண்டு பாதிகளாக இருக்கலாம்.

பழைய தலைமுறைக்கு நோயின் பெயர் தெரியாது. தோட்டத்தில் வீட்டிலேயே இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழில் 'சாகிட் துவா', அதாவது முதுமை நோய், என்று மட்டும் இருக்கும். வீட்டில் கேட்டால் 'மஞ்சக்காமாலை முத்திப்போச்சு', 'ஈரல்ல கேன்சர்', 'திடீர்னு சர்க்கரை வந்து ஆளே வத்திப்போயிட்டாரு' என்பார்கள். இந்த மூன்றுமே கணையத்தை மறைத்து நிற்கும் வாசகங்களாக இருக்கலாம். கணையப் புற்று அதிகமாகப் பரவும் இடம் கல்லீரல். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் கட்டி பித்தக்குழாயை அடைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். பெயர் தெரியாவிட்டால் கேட்ட வாசகத்தை அப்படியே எழுதி வையுங்கள். சிகிச்சை நடந்த மருத்துவமனை தெரிந்தால் நெருங்கிய உறவினர் விண்ணப்பம் எழுதி மருத்துவ அறிக்கை கேட்கலாம். வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது.

படி 2: கண்காணிப்பு யாருக்கு?

பொதுமக்கள் எல்லாருக்கும் இது வேண்டாம். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019ல் இதைத் திட்டவட்டமாகவே சொன்னது. அறிகுறியோ குடும்ப ஆபத்தோ இல்லாதவரை இப்படிச் சோதித்தால் நன்மையை விடத் தீங்கே மிகும். சாதாரணமாக ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு, அமெரிக்கக் கணக்கில், 2 விழுக்காட்டுக்கும் கீழே. தாத்தா ஒருவருக்கு மட்டும் எழுபது வயதில் வந்திருந்து, வேறு யாருக்கும் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் இந்த வட்டத்துக்குள் இல்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வந்திருந்தால், அவர் ஒருவருக்கு மட்டுமே என்றாலும், அடுத்த படியில் வரும் மரபணுப் பரிசோதனை வரை போய்ப் பார்க்க வேண்டும்.

வட்டத்துக்குள் வருபவர்கள் மூன்று வகை.

முதலாவது, குடும்பத்தில் நோய் அடர்ந்திருப்பவர்கள். ஒருவருக்கொருவர் முதல்நிலை உறவாகிய இருவருக்குக் கணையப் புற்று இருந்து, அவர்களில் ஒருவராவது உங்களுக்கு முதல்நிலை உறவு என்றால் நீங்கள் இதில் சேர்வீர்கள். அப்பாவும் அவருடைய கூடப்பிறந்த தங்கையும் நல்ல எடுத்துக்காட்டு. மரபணுவில் எதுவும் பிடிபடாவிட்டாலும் இந்தக் கணக்கு நிற்கும்.

இரண்டாவது, பிறவியிலேயே மரபணு மாற்றம் உள்ளவர்கள். மிக அதிக ஆபத்து எஸ்டிகே11 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பொய்ட்ஸ்-ஜெகர்ஸ் நோய்க்குறி. சிறுவயதில் உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள், குடலில் பாலிப்கள் (சதை முளைகள்) என்று தெரியவரும். அடுத்தது சிடிகேஎன்2ஏ மரபணுவில் மாற்றம். இந்த இரண்டுக்கும் குடும்பத்தில் கணையப் புற்று இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. பிஆர்சிஏ2, பிஏஎல்பி2, ஏடிஎம், பிஆர்சிஏ1, பெருங்குடல் புற்றோடு சேர்ந்து வரும் லின்ச் நோய்க்குறியின் மரபணுக்கள் ஆகியவற்றுக்கு, மாற்றத்தோடு முதல்நிலை உறவினர் ஒருவருக்கும் கணையப் புற்று வந்திருக்க வேண்டும் என்பதே 2020ல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் பொதுவான அளவுகோல். இதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க எண்டோஸ்கோப்பிச் சங்கம் 2022ல் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தாலே குடும்ப வரலாறு இல்லாமலும் கண்காணிக்கலாம் என்றது. உங்கள் மருத்துவர் எந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார் என்று கேட்பது தவறில்லை.

மூன்றாவது, பிஆர்எஸ்எஸ்1 மாற்றத்தால் சிறுவயது முதலே கணையம் வீங்கி வீங்கி வற்றிய பரம்பரைக் கணைய அழற்சிக்காரர்கள். இதையொட்டி நம்மவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. இளவயதில் கடும் வயிற்றுவலி, கணையத்தில் கற்கள், பிறகு நீரிழிவு என்று வரும் 'வெப்பமண்டலக் கணைய அழற்சி' தென்னிந்தியாவில் நெடுங்காலமாகக் காணப்படுவது. அதுவும் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். தாத்தா பாட்டி ஊரில் யாருக்காவது 'கணையத்தில் கல்' என்று சொல்லியிருந்தால் அதையும் மரத்தில் எழுதுங்கள்.

படி 3: மரபணுப் பரிசோதனை, முதலில் நோயாளிக்கு

இது தலைகீழாக நடப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. நோயாளி உயிரோடு இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. அவர் போன பிறகு பிள்ளைகள் சோதித்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு எதுவும் இல்லை என்று வந்தால், மாற்றம் குடும்பத்தில் இருந்து பிள்ளைக்கு வராமல் போனதா, அல்லது குடும்பத்திலேயே இல்லையா என்று சொல்ல முடியாது. நோயாளியிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டு, பிள்ளையிடம் அது இல்லை என்றால்தான் உறுதியான நிம்மதி. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குக் கண்காணிப்பே தேவைப்படாது.

கணையப் புற்று உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. நோயாளிக்கும் இதில் பயன் உண்டு. பிஆர்சிஏ மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோவும் ஒலாபரிப் மாத்திரையும் பயன்பட வாய்ப்புண்டு. உடல்நிலை மோசமாகிக்கொண்டே போனால், பரிசோதனையைப் பிறகு முடிவு செய்யலாம், இரத்த மாதிரியை மட்டும் இப்போதே எடுத்து டிஎன்ஏவாகச் சேமிக்க முடியுமா என்று கேளுங்கள். படுக்கையருகே அதைக் கேட்பது கொடுமையாகத் தோன்றும். பேரப்பிள்ளைகளுக்காக என்று எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே கையை நீட்டுவார்கள்.

கேட்க வேண்டியது 'ஜெர்ம்லைன் பேனல்', அதாவது இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பிறவி மரபணுக்களைப் படிக்கும் சோதனை. கட்டியின் திசுவை மட்டும் படித்த அறிக்கை இதற்கு ஈடாகாது. பட்டியலில் ஏடிஎம், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, சிடிகேஎன்2ஏ, பிஏஎல்பி2, எஸ்டிகே11, டிபி53, எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எப்கேம் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அழற்சி வரலாறு இருந்தால் பிஆர்எஸ்எஸ்1 சேர வேண்டும். மார்பகப் புற்றுக்கென்று விற்கப்படும் சிறிய பேனலில் சிடிகேஎன்2ஏ விடுபடலாம். இணையத்தில் வாங்கும் வம்சாவளிச் சோதனைகள் இந்த வேலைக்கு உதவா.

முடிவு மூன்று விதமாக வரும். மாற்றம் உண்டு, இல்லை, 'பொருள் தெளிவாகாத மாற்றம்'. மூன்றாவது நமக்குச் சற்று அதிகமாகவே வருகிறது. உலகத் தரவுத்தளங்களில் இந்திய வம்சாவளியினரின் மரபணுக்கள் குறைவாக இருப்பதே காரணம். அதை வைத்துக் கண்காணிப்பைத் தொடங்கவும் கூடாது, மற்ற பிள்ளைகளைச் சோதிக்கவும் கூடாது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மரபியல் கிளினிக்கில் 'மறுவகைப்படுத்தல் வந்ததா' என்று விசாரித்தால் போதும்.

மாற்றம் உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்க ஆளுக்கு 50 விழுக்காடு வாய்ப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 'பிஆர்சிஏ பெண்களுக்குத்தானே' என்று அண்ணன்கள் ஒதுங்கிவிடுவதால் நோய் அப்பா வழியில் மறைந்து இறங்குகிறது.

சொந்தத்தில் சம்பந்தம் பேசும் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பிஆர்சிஏ2 அல்லது பிஏஎல்பி2 மாற்றம் கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு ஃபேன்கோனி இரத்தசோகை என்ற கடுமையான குழந்தைப்பருவ நோய்க்கு. ஏடிஎம் என்றால் அட்டாக்ஸியா-டெலஞ்சியெக்டேசியா. மாற்றம் இருக்கும் வீட்டில் மாமன் மகளையோ அத்தை மகனையோ நிச்சயிக்கும் முன்னால் இருவரும் சோதித்துக்கொள்வது அவசியம்.

மலேசியாவில் மரபியல் நிபுணர்கள் குறைவு. கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது. லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கேட்கலாம். பினாங்கில் இருப்பவர்கள் தங்கள் நிபுணர் மூலம் அங்கே அனுப்பப்பட வேண்டிவரலாம். ஆலோசனை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்க வாய்ப்பு அதிகம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் என்றால், மொழிபெயர்க்க அதே ஆபத்தில் இருக்கும் மகளை உட்காரவைக்காமல் வேறொருவரை அழைத்துப் போங்கள். தன் தலைவிதியைத் தன் வாயாலேயே மொழிபெயர்க்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

காப்பீடு பற்றி ஒன்று. மெடிக்கல் கார்டு, ஆயுள் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் மரபணுச் சோதனைக்கு முன்பே அதை முகவரிடம் பேசி முடித்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி தவறான தகவல் தந்தால் பிற்பாடு இழப்பீட்டை மறுக்கவோ பாலிசியையே நீக்கவோ இடமிருக்கிறது.

படி 4: எந்த வயதில்?

குடும்ப அடர்த்தி மட்டும் உள்ளவர்கள் 50 அல்லது 55 வயதில். பிஆர்சிஏ2, பிஏஎல்பி2, ஏடிஎம் போன்றவை என்றால் 45 அல்லது 50ல். சிடிகேஎன்2ஏ 40ல். பொய்ட்ஸ்-ஜெகர்ஸ் பன்னாட்டுக் குழுவின்படி 40ல், அமெரிக்க வழிகாட்டுதலின்படி 30 முதல் 35க்குள். பரம்பரை அழற்சிக்காரர்கள் 40ல், அல்லது முதல் வலி வந்து 20 ஆண்டு ஆனதும், எது முந்தியோ அது.

பெரும்பாலான வகைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதிலிருந்து 10ஐக் கழியுங்கள். அத்தைக்கு 52ல் வந்திருந்தால் உங்களுக்கு 42. மேலே சொன்ன வயதையும் இதையும் ஒப்பிட்டு முந்தியதை எடுத்துக்கொள்ள வேண்டும். புகைபிடிப்பவர்களுக்குக் குடும்ப வகைப் புற்று சுமார் பத்தாண்டு முன்கூட்டியே வருவதாகக் கண்டிருக்கிறார்கள். புகையை நிறுத்துவதுதான் ஒருவர் தன் கையால் செய்யக்கூடிய மிகப் பெரிய தடுப்பு. அழற்சி வகையினர் மதுவையும் அறவே விட வேண்டும்.

படி 5: கதவைத் தட்டுவது

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) குடும்ப மரத்தையும் மரபணு அறிக்கையையும் கொண்டுபோய் நிபுணருக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதினால் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். 'கணையப் புற்றுக்கான பரம்பரை ஆபத்து, கண்காணிப்புக்கு' என்றே எழுதச் சொல்லுங்கள். போக வேண்டியது இரைப்பைக்குடல் நிபுணரிடம். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் மூன்று கேள்விகள்: எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டைக் கணையத்துக்காக அடிக்கடி செய்யும் மருத்துவர் இருக்கிறாரா? சந்தேகமான படத்தை அறுவை நிபுணர், ரேடியாலஜிஸ்ட், நோய்க்குறியியலாளர் சேர்ந்து பேசும் கூட்டம் உண்டா? கணைய அறுவை அங்கேயே வழக்கமாக நடக்கிறதா? சிலாயாங் மருத்துவமனை கல்லீரல், பித்தநாள, கணைய அறுவைக்குப் பெயர்பெற்றது. ஆண்டுக்கு ஓரிரண்டு கணைய அறுவை மட்டும் செய்யும் இடத்தில் கத்திக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தனியாரில் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். மெடிக்கல் கார்டுகள் பெரும்பாலும் நோயில்லாதவரின் பரிசோதனைக்குப் பணம் தருவதில்லை. விலை கேட்கும்போது மருத்துவர் கட்டணம், அறை, மயக்கமருந்து, ஊசியால் திசு எடுத்தால் நோய்க்குறியியல் கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். பலர் எம்ஆர்ஐயைத் தனியாரிலும் மற்றதை அரசாங்க மருத்துவமனையிலும் செய்கிறார்கள். தவறில்லை, படங்களை டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு போனால் சரி.

படி 6: எம்ஆர்ஐ நாள்

முதல் ஆண்டில் எம்ஆர்ஐயோடு கணைய, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்சிபி, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், வெறும்வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) எல்லாமே செய்யப்படும். இதுதான் அடிப்படைப் படம். பிறகு எல்லாம் சரியாக இருந்தால் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஓர் ஆண்டு எம்ஆர்ஐ, அடுத்த ஆண்டு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் என்று மாற்றி மாற்றி. எம்ஆர்ஐ நீர்க்கட்டிகளையும் குழாயின் அகலத்தையும் நன்றாகக் காட்டும். மற்றது சில மில்லிமீட்டர் திடக்கட்டியையும் பிடிக்கும். சிடி ஸ்கேன் ஆண்டுதோறும் எடுத்தால் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். அது சந்தேகம் வந்த பிறகுதான்.

எம்ஆர்ஐக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும்வயிறு. சில இடங்களில் படுக்கும் முன் அன்னாசிப் பழச்சாறு கொடுப்பார்கள். அதிலுள்ள மாங்கனீசு குடல்நீரின் ஒளியை அடக்கிக் குழாயைத் தெளிவாகக் காட்டும். படுத்து 30 முதல் 45 நிமிடம். 'மூச்சைப் பிடியுங்கள்' என்னும்போது பிடிக்காவிட்டால் படம் கலங்கும், மறுபடி வர வேண்டிவரும். வீட்டில் 15 முதல் 20 விநாடி பிடித்துப் பழகுங்கள்.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அரைஞாண், தாயத்து, மெட்டி, பல ஆண்டாகக் கழற்றாத மூக்குத்தி எல்லாவற்றையும் முதல்நாளே கழற்றிவிடுங்கள். அங்கே போய் எண்ணெய் போட்டு இழுத்துக்கொண்டிருந்தால் உங்கள் முறை போய்விடும். தாலிச்சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொள்ளலாம். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் அதை அசைத்தால் கண் போகும். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், சிறுநீரகக் கோளாறு இவற்றையும் மறைக்கக் கூடாது.

படி 7: எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்

வாய் வழியாக இரைப்பைக்கும் சிறுகுடல் தொடக்கத்துக்கும் போகும் குழாயின் நுனியில் ஒலிக்கருவி இருக்கும். கணையத்துக்கு ஒரு சுவர் இடைவெளியில் நின்று பார்ப்பதால் காற்று மறைப்பதில்லை. திட உணவு 6 முதல் 8 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை பரவாயில்லை என்று பல இடங்களில் சொல்வார்கள். மைலோ, பால் கலந்த தே தாரிக் தெளிந்த நீரில் சேராது. தூக்க ஊசி போடுவார்கள். அரைமணி முதல் முக்கால் மணி.

சர்க்கரைக்காரர்கள் காலை முதல் முறையைக் கேட்டு வாங்குங்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியில் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. செமாக்ளூடைட் போன்ற வார ஊசி போட்டால் இரைப்பை காலியாவது தாமதமாகும், மயக்கமருந்து மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இன்சுலின் அளவை எழுத்தில் வாங்குங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் இளக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் நிறுத்தத் தேவை வராது. ஊசி எடுக்க வேண்டியிருந்தால்தான் சில நாள் நிறுத்துவார்கள், அதையும் இதய மருத்துவரோடு பேசி. மீன் எண்ணெய், சித்த மருந்து, மஞ்சள் மாத்திரை எதுவானாலும் பட்டியலில் எழுதுங்கள்.

அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. பட்டர்வொர்த்திலிருந்து இரயிலில் வந்தவர்கள் தனியாகத் திரும்ப வேண்டாம், ஓர் இரவு தங்கிவிடுங்கள். தொண்டைவலி ஓரிரு நாளில் போகும். ஊசி எடுத்த பிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே அவசரப் பிரிவு. கணைய அழற்சியாக இருக்கலாம். பரம்பரை அழற்சிக்காரர்களின் கணையம் கல்லும் தழும்புமாக இருப்பதால் இந்தப் பரிசோதனை அவர்களுக்குத் தெளிவாகப் பேசாது. அவர்களுக்கு எம்ஆர்ஐ அல்லது சிடி மேல்.

படி 8: சர்க்கரையைப் புதுக்கண்ணால் பார்ப்பது

2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதனாலேயே புதிதாகச் சர்க்கரை என்றால் 'நம்ம வீட்டுச் சொத்துதானே' என்று மாத்திரையோடு முடித்துவிடுகிறோம். வழக்கமான சர்க்கரை எடை கூடும்போது வருவது. எடை குறைந்துகொண்டே வரும்போது புதிதாகச் சர்க்கரை வந்தாலும், சாப்பாடும் மருந்தும் மாறாமலே பழைய சர்க்கரை திடீரென்று கட்டுக்கடங்காமல் போனாலும் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வரும் பொதுமக்களில் நூற்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானோருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவருகிறது. ஆபத்துப் பட்டியலில் இருப்பவருக்குச் சர்க்கரை புதிதாக வந்தால் வயதைப் பார்க்காமல், அடுத்த ஆண்டு முறைக்குக் காத்திராமல் படம் எடுக்க வேண்டும்.

எச்பிஏ1சி சோதனைக்குச் செலவு அதிகமில்லை. குறைந்த வருமானக் குடும்பத்தினர் 40 வயது முதல் அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டப் பரிசோதனையிலும் சர்க்கரை பார்க்கலாம். முடிவுகளை ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் எடையையும் எழுதுங்கள்.

படி 9: அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் நான்கு விவரங்கள் எண்ணோடு இருக்க வேண்டும்: முதன்மைக் குழாயின் அகலம், நீர்க்கட்டிகளின் எண்ணிக்கையும் மிகப் பெரியதன் அளவும் இடமும், திடக்கட்டி உண்டா, முந்தைய படத்தோடு ஒப்பிட்டார்களா. 'கணையம் நார்மல்' என்ற ஒற்றை வரி வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

சிறிய நீர்க்கட்டி இருக்கிறது என்றதும் இடிந்துபோக வேண்டாம். இந்தக் குடும்பங்களில் அது மிகச் சாதாரணம், பெரும்பாலும் வெறுமனே கவனிக்கப்படும். கவலைக்குரியவை: 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள நீர்க்கட்டி, வேகமாக வளர்வது, உள்சுவரில் முண்டு, முதன்மைக் குழாய் 5 மி.மீ. எட்டுவது, குழாய் ஓரிடத்தில் திடீரென்று சுருங்குவது. குழாய் 10 மி.மீ. ஆனால் அறுவைப் பேச்சு தொடங்கும். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் திடக்கட்டி என்றால் ஊசி எடுப்பார்கள். உறுதியில்லாத ஆனால் கவலைதரும் மாற்றம் என்றால் 3 அல்லது 6 மாதத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தீபாவளிக்காகவோ தைப்பூசத்துக்காகவோ தள்ளாதீர்கள். சிஏ 19-9க்கு இந்தக் கட்டத்தில்தான் இடம்.

அறுவை என்று முடிவானால் இரண்டாம் கருத்து கேட்பது உங்கள் உரிமை. தலைப்பகுதிக்கு விப்பிள் அறுவை, வாலுக்கு வால்பகுதி நீக்கம். எடுத்த பிறகு புற்று இல்லை என்று வருவதும் உண்டு. அந்த இழப்பு சிறியதல்ல, சர்க்கரையும் செரிமானக் குறையும் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். ஆகவேதான் நல்ல கணையத்தை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சொல்வதில்லை. ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கும் மிச்சக் கணையத்துக்குக் கண்காணிப்பு தொடரும்.

இரண்டு முறைகளுக்கு நடுவில்

கண்ணின் வெள்ளை மஞ்சளாவது (நம் நிறத்துக்குத் தோலில் தெரியாது, கண்ணைப் பாருங்கள்), சிறுநீர் கறுந்தேநீர் நிறமாவது, மலம் வெளுப்பது அல்லது எண்ணெயாக மிதப்பது, மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும் வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது. போன மாதம் எம்ஆர்ஐ சரியாக இருந்தாலும் இவற்றில் ஒன்று வந்தால் உடனே போக வேண்டும். இரண்டு சோதனைகளுக்கு நடுவே முளைக்கும் புற்றும் உண்டு. கீழாநெல்லி குடித்துப் பார்க்கலாம் என்று இரண்டு வாரம் போவது, அறுவை செய்யக்கூடிய கட்டத்தைத் தாண்டவைத்துவிடலாம்.

பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களுக்கு மார்பகம், சூலகம், புரோஸ்டேட்; லின்ச்சுக்குப் பெருங்குடல்; சிடிகேஎன்2ஏக்குத் தோல். இவற்றுக்குத் தனிக் கண்காணிப்பு உண்டு, அவற்றில் சில கணையத்தை விடவும் உறுதியான பலன் தருபவை. கணையத்தில் கண் வைத்து மார்பகத்தை விட்டுவிடாதீர்கள்.

நிறுத்துவது எப்போது

பெரிய அறுவையைத் தாங்க முடியாத உடல்நிலை வந்துவிட்டாலோ, அறுவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாலோ கண்காணிப்பை நிறுத்தலாம். கண்டுபிடித்த பிறகு எதுவும் செய்ய இயலாது என்றால் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பதற்றத்தை அப்பாவுக்குக் கொடுப்பதில் பொருளில்லை. அவருடைய கோப்பை மட்டும் மூடிவிடாதீர்கள். குடும்ப மரம், மரபணு அறிக்கையின் முழு நகல், படங்களின் டிஸ்க்குகள், எடையும் சர்க்கரையும் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அது யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மரபணு அறிக்கையின் நகல் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கட்டும். எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்று ஆய்வகம் கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் பதில்.